விவாகரத்தின்போது எழுதிய குழந்தைகளின் பராமரிப்புத் தொகையையும் பொறுப்பையும் பின்னர் மாற்றிக் கேட்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் என் தாயாருடன் வசிக்கிறேன். 2019இல் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, இருவரும் ஒப்புக்கொண்டு, சென்னை குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றோம். அப்போது மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று வயது. பிள்ளைகள் இருவரும் என் பொறுப்பில் இருப்பது என்றும், மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அவர்களுடைய தந்தை தம்முடன் அழைத்துச் செல்வது என்றும், இருவருக்கும் சேர்த்து மாதம் 8,000 ரூபாய் என் வங்கிக் கணக்கில் செலுத்துவது என்றும் சமரசப் பத்திரத்தில் எழுதினோம். எனக்கென்று ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். இனி ஒருவர் மீது ஒருவர் எந்தக் கோரிக்கையும் எழுப்புவதில்லை என்று கடைசியில் ஒரு வரியும் இருக்கிறது.

இப்போது மகன் ஏழாம் வகுப்பிலும் மகள் நான்காம் வகுப்பிலும் படிக்கிறார்கள். நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக் கட்டணம், டியூஷன், வாடகை ஆகியவற்றுக்குப் பிறகு என் சம்பளத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவர் 2019இல் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் ஒப்பந்தப் பணியாளராக இருந்தார். இன்று வேறொரு நிறுவனத்தில் நிரந்தர மேற்பார்வையாளராக இருக்கிறார், மறுமணமும் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் சென்ற ஆண்டிலிருந்து 8,000 ரூபாய்க்குப் பதில் சில மாதங்களில் 5,000 ரூபாய்தான் வருகிறது. கேட்டால், வாட்ஸ்அப்பில் "இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு வரி வருகிறது.

திருப்பூரில் இருக்கும் என் அண்ணன், அங்குள்ள பின்னலாடை நிறுவனம் ஒன்றில் இதைவிட நல்ல சம்பளத்தில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறார். வரும் கல்வியாண்டில் பிள்ளைகளுடன் அங்கே குடிபோகலாம் என்று எண்ணுகிறேன். மகனோ வர மறுக்கிறான். அவன் வியாசர்பாடியில் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். திருப்பூர் போவதானால் அப்பாவுடன் இருந்துகொள்கிறேன் என்கிறான்.

என் ஐயங்கள் இவை. கோரிக்கை எழுப்புவதில்லை என்று கையெழுத்திட்ட பிறகு தொகையை உயர்த்திக் கேட்க முடியுமா? குறைத்துக் கொடுத்த பணத்தை எப்படி வசூலிப்பது? நீதிமன்றத்தைக் கேட்காமல் திருப்பூருக்குப் போனால் தவறாகுமா? பன்னிரண்டு வயதுப் பையன் சொல்வதை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொள்ளுமா? விவரம் அறிந்த ஐயாக்களும் அம்மாக்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ராயபுரம் வழக்கறிஞர்

சகோதரி, முதல் ஐயத்துக்கு நேரடியான விடை: முடியும். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை குறித்த உத்தரவுகளை, விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகும், மனுச் செய்யும்போதெல்லாம் மாற்றவோ நிறுத்திவைக்கவோ நீக்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. திருமண முறிவு முடிந்துபோன விஷயம். பிள்ளைகள் குறித்த உத்தரவு, அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை திறந்தே இருக்கும் விஷயம். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே இது தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது: பிள்ளைகளின் பொறுப்பு பற்றிய உத்தரவு, அது பிறப்பிக்கப்பட்ட நாளின் சூழ்நிலையை வைத்து அமைவது, பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டு பெற்றதாக இருந்தாலும், அது பிள்ளையின் நலனுக்கு இனி உகந்ததாக இல்லை என்றால் மாற்றத்தக்கதே.

நீங்கள் கையெழுத்திட்ட அந்தக் கடைசி வரியைக் கண்டு பலர் அஞ்சி வாளாவிருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு உரிய ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்தது ஒன்று. பிள்ளைகளுக்கு உரியது மற்றொன்று. பராமரிப்புப் பெறும் உரிமை பிள்ளைகளுடையது என்பதால், தாய் எழுதிக் கொடுத்து அதை இல்லாமல் ஆக்கிவிட முடியாது. ஆகையால் மனுவில் உங்களுக்கென்று எதையும் கலக்காமல், பிள்ளைகள் இருவருக்கான தொகையை மட்டும், தனித்தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள். தீர்ப்பு வழங்கிய அதே குடும்பநல நீதிமன்றத்தில்தான் மனுச் செய்ய வேண்டும்.

விலைவாசி ஏறிவிட்டது என்று பொதுவாகச் சொல்வது போதாது. 2019இல் இருந்த நிலைக்கும் இன்றைய நிலைக்கும் என்ன வேறுபாடு என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அன்றைய பள்ளிக் கட்டண ரசீது, இன்றைய ரசீது, டியூஷன், சீருடை, பேருந்துக் கட்டணம், மருத்துவச் செலவு, வாடகை ஒப்பந்தம், உங்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அவருடைய சம்பளம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியாததால் கவலைப்பட வேண்டாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி, பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பினரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் மறைத்தால், சம்பள விவரத்தை வரவழைக்க நீதிமன்றத்தைக் கோரலாம். உங்கள் சம்பளத்தையும் அதேபோல் முழுமையாகச் சொல்லியாக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்குச் சட்டத்தில் சூத்திரம் கிடையாது. கணவன் சம்பளத்தில் 25 சதவீதம் என்று யூடியூபில் சட்டம் பேசுவோர் ஓயாமல் சொல்கிறார்கள். அது 2017இல் ஒரு மனைவியின் ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் நியாயமான அளவு என்று குறிப்பிட்டது. எல்லாருக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் விதியன்று. அதே வழக்கில், கணவர் மறுமணம் செய்து இன்னொரு குடும்பத்தையும் தாங்குகிறார் என்பதைக் கருதி, உயர் நீதிமன்றம் உயர்த்திக் கொடுத்த 23,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் 20,000 ரூபாயாகக் குறைத்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. உங்கள் முன்னாள் கணவரும் தம் மறுமணத்தை முன்வைப்பார். அது தொகையைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, முதல் திருமணத்துப் பிள்ளைகளின் பங்கை அழித்துவிடாது.

நிலுவைத் தொகை வேறு வழியில் வர வேண்டியது. உயர்த்திக் கேட்கும் மனுவில் அதைச் சேர்த்துக் குழப்பாமல், தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுவை, அதாவது வழக்கறிஞர்கள் பேச்சில் ஈ.பி. என்று சொல்வதை, தனியாகப் போட வேண்டும். வாட்ஸ்அப் வரி ஒன்று நீதிமன்ற உத்தரவைத் திருத்திவிடாது. ஒவ்வொரு மாதமும் குறைந்த 3,000 ரூபாய் அப்படியே அவர் மீது நிலுவையாக நிற்கிறது. அவர் நிரந்தரச் சம்பளக்காரர் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் சிறு பகுதியைத்தான் ஜப்தி செய்ய முடியும். பராமரிப்புக்கான தீர்ப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காப்பாற்றப்படுகிறது, மீதி ஜப்திக்கு உட்பட்டது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கெல்லாம் முன், சமரசப் பத்திரம் தீர்ப்பின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கப்படாவிட்டால் ஈ.பி.யில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. உங்கள் உத்தரவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில், அல்லது 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் பெறப்பட்டது என்றால், நிலுவைக்கு வாரண்ட் கோரும் மனுவை அந்தத் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அந்த உத்தரவில் தொகையை மாற்றக் கோருவது 146ஆம் பிரிவின் கீழ் வரும். இந்தச் சகோதரியின் தீர்ப்புக்கு அந்த ஓராண்டுக் கெடு கிடையாது.

திருப்பூர் பற்றியும் மகன் பற்றியும் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: உத்தரவை மாற்றாமல் வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள்.

பதில்: பெரம்பூர் தந்தை

நான் எதிர்ப்பக்கத்தில் நின்றவன். என் மகள் அவளுடைய தாயாரிடம் வளர்கிறாள். எண்ணூர்ப் பக்கத்தில் நான் பார்த்த ஒப்பந்த வேலை நின்றபோது, தொகையைக் குறைக்கக் கோரி மனுச் செய்தேன். வேலை நீக்கக் கடிதம், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வங்கி விவரம் எல்லாவற்றையும் கேட்டார்கள். இடையில் வாடகை ஆட்டோ ஓட்டிச் சம்பாதித்ததையும் பத்திரத்தில் எழுதினேன். நான் கேட்ட அளவுக்குக் குறைக்கவில்லை, வேறு வேலை கிடைத்ததும் பழைய தொகைக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஓரளவு குறைத்தார்கள். உத்தரவு வரும் வரை கடன் வாங்கியாவது பழைய தொகையைச் செலுத்தினேன். உங்கள் முன்னாள் கணவருக்கு உண்மையிலேயே நெருக்கடி இருந்தாலும் அவர் செய்ய வேண்டியது இதுதான். தாமாகவே குறைத்துக்கொள்வது சரியன்று.

ஆயினும் வழக்கறிஞர் ஐயா சொன்னதில் ஒரு வேறுபாடு எனக்கு உண்டு. எடுத்த எடுப்பில் ஈ.பி. போட்டுச் சம்பளத்தை ஜப்தி செய்தால், அலுவலகத்தில் தலைகுனிந்த மனிதர் அடுத்த ஞாயிறு பிள்ளைகளை எந்த முகத்தோடு வந்து அழைத்துச் செல்வார்? முதலில் சமரசத்துக்கு அழைத்துப் பாருங்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் புதிய கூட்டு மெமோ ஒன்றைத் தாக்கல் செய்து அதையே உத்தரவாகப் பெறலாம், செலவும் குறைவு.

இன்னொன்று, அவர் பணம் குறைத்துவிட்டார் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியதாக நீங்கள் எழுதவில்லை, என்றாலும் சொல்கிறேன். எங்கள் வழக்கில் சில காலம் உயர் நீதிமன்ற வளாகத்தில் குடும்பநல நீதிமன்றத்தை ஒட்டியுள்ள குழந்தைகள் மையத்தில்தான் மகளைப் பார்க்க முடிந்தது. நாலு பொம்மைகளுக்கு நடுவே, இன்னும் பல குடும்பங்களுக்கு மத்தியில், பெற்ற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எந்தத் தகப்பனுக்கும் வர வேண்டாம்.

உங்கள் மகன் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள், அம்மா. அவன் அப்பாவுடன் இருக்க விரும்புகிறானா, அல்லது வியாசர்பாடி மைதானத்தை விட்டுப் போக மனமில்லாமல் அப்படிச் சொல்கிறானா? இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் காரணம் என்றால் அதற்கு நீதிமன்றம் தேவையில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆலோசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பெரம்பூர் அன்பருடைய நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் சமரசம் என்று பேசிப் பேசி மாதங்களை ஓட்டிவிட்டு வரும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உயர்த்தப்பட்ட தொகையைப் பெரும்பாலும் மனுச் செய்த நாளிலிருந்துதான் எதிர்பார்க்க முடியும். கடந்த ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. ஆகவே மனுவை முதலில் தாக்கல் செய்யுங்கள், சமரசத்தை அதன் பிறகு பேசுங்கள். குடும்பநல நீதிமன்றத்துக்கே முதல் கடமை சமரசத்துக்கு முயல்வதுதான். ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ எப்படியும் அனுப்புவார்கள். வழக்கு எண் ஒன்று இருக்கும்போது எதிரே உட்காருபவரின் பேச்சும் பொறுப்பாக இருக்கும்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். உங்களுக்குப் பயணமும் எளிது: வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடியை அடுத்து உயர் நீதிமன்ற நிலையம். கடையில் அரை நாள் விடுப்புக் கேட்பதுதான் உங்களுக்குப் பெரிய பாடாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மகனை நீதிபதி பெரும்பாலும் தம் அறையில், பெற்றோர் இருவரும் இல்லாமல் சந்திப்பார். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிவார்ந்த விருப்பத்தை உருவாக்கிக்கொள்ளும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம் என்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதுவே தீர்ப்பு ஆகாது. அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துப் பேசவைத்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆகையால் நீங்களும் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவன் தந்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அண்ணனையும் தங்கையையும் இரு ஊர்களில் பிரித்து வைக்க நீதிமன்றங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: தண்டையார்பேட்டை வாசகி

மூவருக்கும் நன்றி. தீர்ப்பை எடுத்துப் பார்த்தேன். சமரசப் பத்திரம் தீர்ப்பின் ஒரு பகுதி என்று எழுதியிருக்கிறது. ஞாயிறு சந்திப்பை நான் ஒருபோதும் தடுத்ததில்லை, அவர்தான் சில ஞாயிறுகளில் வருவதில்லை. மகனிடம் பேசினேன். அவன் அப்பா வீட்டில் தங்குவது பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லையாம். பெரம்பூர் ஐயா சொன்னது சரிதான் போலும்.

திருப்பூர் போவதானால் மனுவில் எப்படிக் கேட்க வேண்டும்? மேலும், 18 வயது ஆனதும் இந்தத் தொகை நின்றுவிடுமா? மகளின் மேற்படிப்பை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பதில்: ராயபுரம் வழக்கறிஞர்

ஈ.பி. குறித்துப் பெரம்பூர் அன்பர் சொன்னதை நான் மறுக்கவில்லை. முதலில் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, நிலுவையைத் தவணையில் கட்ட வாய்ப்புக் கொடுக்கலாம். உயர்த்திக் கேட்கும் மனுவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

திருப்பூர் விஷயத்தில், பிள்ளைகள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள் என்றாலும், மாதம் இரு ஞாயிறு காலை முதல் மாலை வரை என்ற ஏற்பாடு அவ்வளவு தொலைவில் நடக்காது. உத்தரவை நடக்கவிடாமல் செய்துவிட்டு, நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர் நீதிமன்ற அவமதிப்பு மனுப் போட்டால், தொகையை உயர்த்தக் கேட்டு நிற்கும் நீங்கள் அதே நீதிபதியின் முன் உத்தரவை மீறியவராக நிற்க நேரிடும். எனவே அதே 26ஆம் பிரிவின் கீழ், குடிபெயர அனுமதியும் சந்திப்பு நேரங்களில் மாற்றமும் கோரி மனுச் செய்யுங்கள். தந்தையின் பங்கைக் குறைக்காமல் வேறு வடிவில் கொடுக்க முன்வருவதாக அது இருக்க வேண்டும்: கோடை விடுமுறையில் பாதி, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் சில நாட்கள், மாதம் ஒரு வார இறுதி, பயணச் செலவை யார் ஏற்பது, யார் கொண்டுவந்து விடுவது என்பது வரை எழுதுங்கள். தொலைவில் உள்ள பெற்றோர் பிள்ளையுடன் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி இருக்க வேண்டும் என்று யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. காணொலி அழைப்புக்கு ஒரு நேரத்தை நீங்களாகவே மனுவில் குறித்தால் நல்லெண்ணம் வெளிப்படும். திருப்பூரில் சேர்க்கவிருக்கும் பள்ளி, தங்கவிருக்கும் வீடு, வேலைக்கான கடிதம், மகன் தொடர்ந்து விளையாட அங்கே உள்ள வசதி ஆகியவற்றையும் இணையுங்கள். ஜூனில் சேர்க்க வேண்டுமென்றால் மனு இப்போதே போக வேண்டும். ஏப்ரலில் போட்டுவிட்டு மே விடுமுறைக்குள் உத்தரவு வரும் என்று நம்பி டி.சி. வாங்கிவிடக் கூடாது. மகன் முடிவாக வர மறுத்தால், ஏழாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையே இந்த மாற்றத்தை எப்போது செய்வது என்பதையும் யோசியுங்கள். என்னைக் கேட்டால், வேலை இன்னும் ஓராண்டு காத்திருக்குமானால் தொகை மனு முதலில் முடியட்டும் என்பேன்.

பதினெட்டு வயது பற்றி: 26ஆம் பிரிவு மைனர் பிள்ளைகளுக்கானது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, தன் வருமானத்தில் வாழ இயலாத திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமை தந்தைக்கு அவளுடைய 18 வயதுக்குப் பிறகும் உண்டு. அதற்குத் தனியாக வழக்குத் தொடர வேண்டும். மகனுக்கு அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. ஆகவே புதிய உத்தரவிலோ கூட்டு மெமோவிலோ இரண்டு விஷயங்களைச் சேர்க்க முயலுங்கள். ஒன்று, ஆண்டுதோறும் குறிப்பிட்ட சதவீதம் தொகை தானாக உயர வேண்டும் என்ற வாசகம். 2019இல் அது இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. மற்றொன்று, மாதத் தொகை போக, பள்ளி, கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர் நேரடியாகக் கல்வி நிறுவனத்திலேயே கட்டுவது. மகளுக்குப் பத்து வயது நிறைவதற்குள் அஞ்சல் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டக் கணக்கு தொடங்கிவிடுங்கள். அதன் பிறகு தொடங்க முடியாது. ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை அதில் செலுத்தலாம். கையில் பணம் கொடுக்கத் தயங்கும் தந்தையர் மகளின் பெயரிலுள்ள கணக்கில் கட்டச் சம்மதிப்பதைச் சமரச மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பதில்: காசிமேடு வாசகர்

கிறித்தவர்களான எங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்பதால் ஒரு குறிப்பு. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் 41 முதல் 44 வரையிலான பிரிவுகள் பிள்ளைகளின் பொறுப்பையும் பராமரிப்பையும் பற்றியவை. தீர்ப்புக்குப் பிறகு உத்தரவு கோருவது 44ஆம் பிரிவில் வருகிறது. பதிவுத் திருமணம் என்று நாம் சொல்லும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு 38ஆம் பிரிவு. வழக்கறிஞர் ஐயா குறிப்பிட்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொது. மற்றபடி வழக்கறிஞர் ஐயா சொன்ன ரசீதுகளும் உறுதிமொழிப் பத்திரமும் எந்தச் சட்டத்தில் போட்டாலும் தேவைப்படும். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இல்லாதவர்கள் அதற்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள்; வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.